பரண்மேல் கிடக்கும் சரஸ்வதி

மார்கழி மாதத்தின் கடைசி வாரம் வந்துவிட்டால் காவேரிக் கரையிலுள்ள வீடுகளில் ஒரு பெரிய அமளி ஆரம்பமாகிறது. ஒட்டடைக் கம்பு எங்கே என்று ஒருவர் தேடுகிறார். சுண்ணாம்பு கரைத்தாயிற்றா என்று மற்றொருவர் கேட்கிறார். பரண்மேல் ஏறிய பையன் ஒவ்வொரு சாமானாகக் கீழே தள்ளுகிறான். ஓட்டைக் குடம், பிய்ந்த பாய், கால் ஒடிந்த முக்காலி, இவற்றின் நடுவே சணல் கயிற்றால் கட்டிய புஸ்தக மூட்டை ஒன்றும் தொப்பென்று வந்து விழுகிறது. வீட்டுத் தலைவர் இரண்டு தரம் தும்முகிறார். "பழைய காகிதந்தானே! போகிக்கு ஆகும், வாசலில் போடு" என்று உத்தரவு பிறக்கிறது. கட்டை அவிழ்த்துப் பார்க்க ஒருவருக்கும் அவகாசமில்லை.

பழையவற்றைக் கழிப்பது நம்மவருடைய நல்ல வழக்கங்களுள் ஒன்று. அதைக் குறைகூற யான் இதை எழுதவில்லை. குப்பையைச் சேர்த்து வைத்துக்கொண்டு அதற்குச் சொத்து என்று பெயரிடுவதைவிடக் கொளுத்திவிடுவது எவ்வளவோ மேல். ஆனால் குடத்தைக் கழிப்பதற்கும் புஸ்தகத்தைக் கழிப்பதற்கும் ஒரு வேற்றுமை உண்டு. ஓட்டைக் குடத்தின் ஓட்டை வெளியே தெரிகிறது. புஸ்தகத்தினுள் இருப்பது திறந்து பார்த்தாலன்றித் தெரிவதில்லை.

நம் ஜில்லாவிலேயே உத்தமதானபுரத்தில் வளர்ந்த மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் ஏடு தேடி ஊர் ஊராக அலைந்த கதையைத் தமிழ் படித்த குடும்பத்தார் எல்லோரும் அறிவார்கள். 1880 முதல் 1903 வரை கும்பகோணம் காலேஜில் ஆசிரியராக இருந்துகொண்டே அவர் சீவக சிந்தாமணியை 1887-லும், சிலப்பதிகாரத்தை 1892-லும், புறநானூற்றை 1894-லும், மணிமேகலையை 1898-லும் அச்சிட்டு வெளியிட்டார். அவருக்குக் கிடைத்தவற்றை நாம் கொண்டாடுகிறோம். கிடைக்காதவற்றைப் பற்றியும் அவர் தம் சரித்திரத்தில் எழுதியிருக்கிறார். பாண்டிநாட்டிலுள்ள கரிவலம்வந்தநல்லூர்க் கோவிலில் குவிந்து கிடந்த ஏடுகளை, சிதிலமானவற்றை அவ்வாறு செய்வதே ஆகம விதி என்று சொல்லி, நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட்டுவிட்டார்களாம். ஆடிப் பதினெட்டில் ஏடுகளை ஆற்றோடு விட்ட செய்தியையும் அவர் கேட்டு வருந்தியிருக்கிறார். இவற்றைச் செய்தவர்கள் துஷ்டர்கள் அல்லர். பயபக்தியோடும் மந்திரத்தோடும் செய்தார்கள். வீடும் கோவிலும் சுத்தமாக இருக்கவேண்டுமென்றே செய்தார்கள். வேண்டாத சாமானைக் கழிக்கும் காரியத்தில் எனக்குள்ள பயமெல்லாம் இந்தப் பக்தியைப் பற்றியதுதான்.

ஓர் உண்மையையும் இங்கே சொல்லவேண்டும். பனையோலை என்றென்றும் இருப்பதன்று. நம் நாட்டு வெயிலிலும் ஈரத்திலும் சில நூற்றாண்டுகளே அது தாங்கும். ஆகையால் நைந்துபோன ஏட்டைப் பார்த்துப் புதிய ஓலையில் பிரதி செய்துகொண்டு, பழையதை ஆற்றில் விடுவது முன்னோர் முறை. அச்சு யந்திரம் வந்த பிறகு பிரதி செய்யும் வழக்கம் நின்றுபோயிற்று. ஆற்றில் விடும் வழக்கம் மட்டும் நின்றது. பாதி ஆசாரம் போய்ப் பாதி ஆசாரம் தங்கினால் விளையும் கேட்டுக்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டுமோ?

இதற்கு நேர்மாறான உதாரணமும் நம்மிடையே இருக்கிறது. தஞ்சை அரண்மனையிலுள்ள சரஸ்வதி மகாலைப் பார்த்திராத குடும்பங்கள் ஒருமுறை சென்று பார்த்துவரவேண்டும். நாயக்க மன்னர் காலத்தில் தோன்றி, மராட்டிய மன்னரால் வளர்க்கப்பட்டு, 1798 முதல் 1832 வரை அரசிருக்கையிலிருந்த இரண்டாம் சரபோஜியால் பெருகிய புஸ்தகசாலை அது. அம்மன்னர் காசி யாத்திரை போனபோதுகூடச் சுவடிகளைச் சேகரித்துக்கொண்டு வந்தார். ஐரோப்பிய பாஷைப் புஸ்தகங்களையும் வரவழைத்தார். 1855-இல் ராஜ்யம் போயிற்று. யானை, குதிரை, நகை, ஆயுதம் எல்லாம் போன இடம் தெரியவில்லை. ஏடுகள் மட்டும் நின்றன. பின்னர்த் தஞ்சையில் நீதிபதியாக இருந்த பர்னல் என்னும் ஆங்கிலேயர், அங்கிருந்த வடமொழிச் சுவடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து வகைப்படுத்தி ஓர் அட்டவணை தயாரித்தார். அது 1880-இல் லண்டனில் வெளியாயிற்று. அதன் பிறகுதான் தஞ்சையில் என்ன இருக்கிறது என்பதை உலகம் அறிந்தது. 1918-இல் அது பொதுமக்களுக்குரிய புஸ்தகசாலையாயிற்று. பத்தாயிரக் கணக்கில் சுவடி இருந்தும் அட்டவணை இல்லாதவரையில் அது ஒரு பெரிய பரண்தான் என்பதை நேயர்கள் கவனிக்கவேண்டும்.

இனி நம் வீட்டுப் பரணுக்கு வருவோம்.

திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கொல்லை என்று நீண்டு கிடக்கும் பழைய தஞ்சை ஜில்லா வீட்டில் புஸ்தகத்துக்கென்று ஓர் இடம் ஏற்பட்டதில்லை. நெல்லுக்குப் பத்தாயம் உண்டு. பாத்திரத்துக்கும் ஊறுகாய் ஜாடிக்கும் உள் உண்டு. மாட்டுக்குக் கொட்டில் உண்டு. புஸ்தகம் மட்டும் மாடத்திலும் பெட்டியிலும் பரணிலுமாக அகதியைப்போல் அலைந்துகொண்டிருக்கிறது. இப்போது ஒரு புதிய விபரீதமும் சேர்ந்திருக்கிறது. நெல் களத்திலிருந்து நேரே ஸர்க்கார் கொள்முதல் நிலையத்துக்குப் போய்விடுவதால் பல வீடுகளில் பத்தாயம் காலியாகிவிட்டது. காலியான பத்தாயத்தில் பழைய புஸ்தகங்களைக் கொட்டிவைக்கிறார்கள்.

பத்தாயத்தைச் செய்த தச்சர் நெல்லின் போக்கை நன்கு அறிந்தவர். மேலே திறந்து புது நெல்லைக் கொட்டுவோம்; கீழேயுள்ள சிறு கதவைத் திறந்தால் பழைய நெல் முதலில் வரும். தேங்கிப் புழுத்துப்போகும் என்ற பயமில்லை. அதே பத்தாயத்தில் புஸ்தகத்தைப் போட்டாலோ, கீழ்க்கதவு வழியாக ஒன்றும் வராது. நேற்றுப் போட்ட பரீட்சை வினா விடை மேலே இருக்கும்; பாட்டனார் வாங்கிய பாரதம் அடியில் நசுங்கிக் கிடக்கும். காற்று நுழையாது. மூலையில் மிச்சமிருக்கும் தவிட்டுக்கு எலி வரும். புஸ்தகம் வைப்பதற்கு இதைவிடத் தகாத இடம் வீட்டில் வேறில்லை என்பது என் அபிப்பிராயம்.

தக்க இடம் எது? பூஜை உள் அன்று. விளக்குப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் காகிதத்துக்கு ஆகா. முற்றத்தை ஒட்டிய சுவரும் அன்று. ஐப்பசி அடைமழையில் சாரல் அடிக்கும். ஸ்நான அறைக்குப் பொதுவான சுவரைத் தொடவே வேண்டாம். கூடத்தின் உட்சுவர் ஓரமாக, சுவரினின்று நாலு விரற்கடை தள்ளி, தரையினின்று ஒரு சாண் உயர்த்தி, மர அலமாரியோ இரும்பு அலமாரியோ வைப்பது உத்தமம். வண்டல் மண்ணும் கழிமண்ணுமான நம் பூமியில் மழைக்காலத்தில் ஈரம் சுவர் வழியே மேலேறுகிறது. அதன் பின்னாலேயே கரையானும் ஏறுகிறது. அலமாரியைச் சுவரோடு ஒட்டவைப்பது கரையானுக்குப் பாலம் போட்டுக் கொடுப்பதாகும். சுவரிலே பதித்த அலமாரி பார்வைக்கு லட்சணம். ஆனால் அதன் முதுகில் எப்பொழுதும் ஈரம் இருக்கும். அதில் பொம்மைகளை வைக்கலாம்.

காலத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். போகி நாள் புஸ்தகம் ஒழுங்கு செய்வதற்குரிய நாளன்று. அன்று எல்லோருக்கும் அவசரம். வாசலில் தீயும் எரிந்துகொண்டிருக்கும். அவசரமும் தீயும் சேர்ந்த இடத்தில் விவேகத்துக்கு வேலையில்லை. நம் முன்னோர் இதற்கென்றே வேறு நாளை வகுத்திருக்கிறார்கள். புரட்டாசியில் வருகிற நவராத்திரியே அது. சரஸ்வதி பூஜைக்காக எப்படியும் புஸ்தகங்களை எடுத்து அடுக்குகிறோம். சந்தனம் குங்குமம் இட்டு ஒருநாள் வாசிக்காமல் வைக்கிறோம். வழக்கமாக அடுக்கும் பத்துப் பதினைந்தோடு நிற்காமல் வீட்டிலுள்ள அத்தனையையும் அன்று இறக்கினால் என்ன? வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில்தான் வலுக்கும். அதற்குமுன் தட்டித் துடைத்து, நிழலில் காற்றாட விரித்து, உலர்ந்த அலமாரியில் வைத்துவிட்டால் மழைக்காலத்தை அவை தாங்கும். கடும் வெயிலில் காயப்போடுவது தவறு. பழைய தாள் அப்பளமாக நொறுங்கிவிடும். மழை ஓய்ந்த தை மாதத்தில் ஒருமுறை அலமாரியின் பின்புறத்தையும் அடித்தட்டையும் பார்த்து, கரையானின் மண்கோடு இருக்கிறதா என்று சோதித்தால் போதும். 2018-ஆம் வருஷம் நவம்பர் 16-ஆம் தேதி நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கஜா புயல் கரை கடந்தபோது ஓடும் கூரையும் பறந்த வீடுகளில் நனைந்தவை எவ்வளவோ. பரண்மேல் இருப்பவையே முதலில் நனையும் என்பதற்குத் தர்க்கம் வேண்டியதில்லை.

கழிப்பது எதை, வைப்பது எதை? இதுவே கஷ்டமான பகுதி. கஷ்டம் புத்தியில் இல்லை, மனத்தில் இருக்கிறது.

தயக்கமின்றிக் கழிக்கத்தக்கவை வீட்டிலுள்ளவற்றில் பாதி இருக்கும். பாடத்திட்டம் மாறிப்போன உரைநூல்கள், பரீட்சை வழிகாட்டிகள், விளம்பரத்துக்காக இனாமாக வந்தவை, ஒரே நூலின் இரண்டாம் மூன்றாம் பிரதிகள் இவற்றைப் பார்த்துக் கண்ணீர் விடவேண்டாம். இவற்றைப் பள்ளிக்கூடத்துக்குத் தானமாக அனுப்பவும் வேண்டாம். உபாத்தியாயனாகிய நான் இதைச் சற்று உரக்கவே சொல்லுகிறேன். வீட்டிலே எறிய மனமில்லாததைப் பள்ளிக்கூடத்து வாசலில் எறிந்துவிட்டு வித்யாதானம் செய்ததாக நினைப்பவர்கள் பலர். அட்டை கிழிந்த பழைய வழிகாட்டியைக் குழந்தைகள் என்ன செய்வார்கள்? பழைய காகிதக் கடைக்கு அனுப்பினால் புதுக் காகிதமாகவாவது பிறக்கும்.

நெருங்கிப் பார்க்கவேண்டியவை புஸ்தகமே அல்லாத காகிதங்கள். பழைய பஞ்சாங்கம் ஒன்றுக்கும் உதவாதது என்று எண்ணுகிறோம். ஆனால் நம் பக்கத்து மிராசுதாரர்கள் அதன் ஓரத்தில்தான் எல்லாவற்றையும் குறித்துவைத்தார்கள். மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிந்த பிறகு எந்தத் தேதியில் வாய்க்காலில் தண்ணீர் வந்தது, குறுவை எத்தனை கலம் கண்டது, யாருக்கு எந்த நட்சத்திரத்தில் குழந்தை பிறந்தது என்பனவெல்லாம் அந்த ஓரங்களில் இருக்கும். கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ், ஓரணா விலைச் சிறுபுஸ்தகம் முதலியவற்றையும் அவ்வாறே பார்க்கவேண்டும். 1928-இல் பாரதியார் பாடல்களை ஸர்க்கார் தடை செய்தபோது அவற்றைக் காப்பாற்றியவை பெரிய புஸ்தகசாலைகள் அல்ல. 1930-இல் ராஜாஜியின் உப்பு யாத்திரை தஞ்சை, கும்பகோணம், மன்னார்குடி வழியாக வேதாரணியம் சென்றபோது கைமாறிய துண்டுப் பிரசுரங்களை ஒருவரும் தோல் அட்டை போட்டுக் கட்டிவைக்கவில்லை. அவை இருந்தால் நம்மைப்போன்றோர் வீட்டுத் தகரப் பெட்டியில்தான் இருக்கும். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்பவர் இத்தகைய காகிதங்களையெல்லாம் தம் வாழ்நாள் முழுவதும் சேர்த்தார். அவர் 1992-இல் காலமானார். அவர் சேகரம் சென்னையில் 1994-இல் ஓர் ஆராய்ச்சி நூலகமாயிற்று. இன்று தமிழ்நாட்டுச் சரித்திரம் எழுதுகிறவர்கள் அங்கே போகாமல் எழுதுவதில்லை. பலர் குப்பை என்று தள்ளியவற்றையே அவர் பொறுக்கிச் சேர்த்தார்.

சென்ற வருஷம் கும்பகோணத்தை அடுத்த ஒரு கிராமத்திலிருந்து என் பழைய மாணவன் ஒருவன் சொல்லியனுப்பினான். தகப்பனார் காலமாகி ஆறு மாதமாயிற்று. பிள்ளைகள் இருவரும் வெளியூரில். வீட்டை விற்பதென்று பேச்சு. புஸ்தகங்களை ஒருமுறை வந்து பார்க்கவேண்டும் என்றான். போனேன். பழைய காகிதக்காரர் முதல் நாளே வந்து இரண்டு மூட்டை நிறுத்துக் கொண்டுபோய்விட்டார். அந்த அம்மாள் ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார்.

"வாங்கோ ஸார். இதையெல்லாம் இனிமேல் யார் வாசிக்கப்போகிறார்கள்? அவர் இருந்தவரைக்கும் என்னை அந்த அலமாரியைத் தொடவே விட்டதில்லை. இப்போது தொடச் சொல்கிறார்கள்" என்றார்.

"அம்மா, எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. ஒவ்வொன்றாகத் தாங்கள் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். தாங்கள் வேண்டாம் என்றால் போகட்டும்" என்றேன்.

மாலை வரையில் பார்த்தோம். அறுநூறு இருக்கும். நாவல்களை விரலால் தள்ளினார். இரண்டு ராமாயணத்தில் ஒன்றை எடுத்துக்கொண்டார். வைத்திய நூல் ஒன்றினுள்ளிருந்து நிலப் பத்திரத்தின் நகல் ஒன்று விழுந்தது; பையன் திடுக்கிட்டுப் போனான். அடித்தட்டில் நாற்பது வருஷத்துப் பஞ்சாங்கம் வரிசையாக இருந்தது. அவற்றில் ஒன்றைப் பிரித்தவர் நெடுநேரம் பேசவில்லை. ஓரத்தில் பென்ஸிலால், 'இன்று அவளுக்குக் காய்ச்சல் இறங்கியது' என்று ஒரு வரி இருந்தது. அதற்குக் கீழே அன்றைய மழையளவு. "இதை எழுதினதாக என்னிடம் சொல்லவே இல்லையே" என்றார். நாற்பது பஞ்சாங்கமும் ராமாயணமும் இன்னும் பத்துப் பதினைந்தும் அந்த அம்மாளோடு சென்னைக்குப் போயின. முதல் நாள் நிறுத்துக் கொடுத்த இரண்டு மூட்டையில் என்ன இருந்தது என்பதை நாங்கள் ஒருவரும் பேசிக்கொள்ளவில்லை.

வைத்துக்கொள்ள முடியாத நல்ல புஸ்தகங்களை என்ன செய்வது? சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், நூலகம் என்னும் கலைக்கே சாஸ்திரம் வகுத்தவர், 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் முதலாவது, நூல் பயன்படுவதற்கே உரியது என்பதாம். அவர் முன்னிலையில் அதே வருஷம் அக்டோபர் மாதம் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் ஓர் அற்புதம் நிகழ்ந்தது. கனகசபைப் பிள்ளை என்னும் எஞ்சினியர் மாட்டு வண்டி ஒன்றில் அலமாரி அமைத்துப் புஸ்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பத் தொடங்கினார். 1948-இல் சென்னை மாகாணத்தில் நூலகச் சட்டம் ஏற்பட்டது. இன்று ஊருக்கு ஊர் உள்ள கிளை நூலகங்கள் அதன் பயன். அங்கே கொடுக்குமுன் நூலகரிடம் பட்டியலைக் காட்டி எது வேண்டும் என்று கேட்பது மரியாதை. தஞ்சைக்கு அருகிலுள்ளோர் 1911-இல் தோன்றிய கரந்தைத் தமிழ்ச் சங்கத்தையும் கேட்கலாம். மிகப் பழைய அச்சுப் பிரதியாயின், தமிழ் இணையக் கல்விக் கழகத்தார் படமெடுத்து வைத்திருக்கிறார்களா என்று பையன்களைக் கொண்டு பார்க்கச் செய்யவேண்டும். அங்கே இருந்தால் நாம் கொடுத்துவிடுவதில் நஷ்டமில்லை. ஓலைச் சுவடி அகப்பட்டாலோ, அதன்மேல் எண்ணெய் தடவியும் கட்டை இறுக்கியும் வைத்தியம் பண்ணவேண்டாம். தூய பருத்தித் துணியில் சுற்றிச் சரஸ்வதி மகாலுக்கோ, தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்துச் சுவடித்துறைக்கோ எடுத்துச் செல்லுங்கள்.

பூச்சிகளுள் நம் புஸ்தகங்களுக்குப் பரம சத்துரு ராமபாணம். பெயர் வைத்தவர் ரசிகர். ராமனுடைய அம்பு ஏழு மராமரங்களைத் துளைத்தது. இது முகவுரையிலே நுழைந்து பிழைதிருத்தத்தில் வெளிப்படுகிறது. சரஸ்வதி மகாலில் கையாண்டுவந்த பழைய மருந்து ஒன்று உண்டு. வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, லவங்கப்பட்டை இவற்றை இடித்துப் பொடியாக்கி, சிறிது கற்பூரம் சேர்த்து, மெல்லிய துணியில் முடிந்து தட்டுக்கு ஒன்றாக வைப்பார்கள். நாட்டு மருந்துக் கடையில் எல்லாம் கிடைக்கும். வாசனை குறைந்ததும் முடிச்சை மாற்றவேண்டும். வேப்பிலை வைப்பவர்கள் நன்றாக உலர்த்தி வைக்கவேண்டும். பச்சை இலை ஈரத்தைக் கொண்டுவந்து பூசணத்துக்கு விருந்து வைக்கும். குழந்தைகள் வைக்கும் மயிலிறகால் தீங்கொன்றுமில்லை. இதுவரை குட்டி போட்டதாகவும் தகவல் இல்லை. ஒட்டவேண்டிய இடத்தில் கண்ணாடி நாடாவை ஒட்டவேண்டாம்; சில வருஷத்தில் அது மஞ்சளித்து எழுத்தையும் பெயர்த்துக்கொண்டு வரும். அரிசி மாவுப் பசையில் மயில்துத்தம் சிட்டிகை சேர்ப்பது பைண்டர்களுடைய வழக்கம். துத்தம் விஷமாகையால் குழந்தைகள் உள்ள வீட்டில் அந்த வேலையைப் பைண்டரிடமே விட்டுவிடுவது நலம்.

கடைசியாக ஒரு நோட்டுப் புஸ்தகம். பர்னல் துரை அரண்மனைக்குச் செய்ததை நாம் அலமாரிக்குச் செய்யவேண்டும். வரிசை எண், நூலின் பெயர், ஆசிரியர், அச்சிட்ட வருஷம், எந்தத் தட்டு என்று ஐந்து கலம் போடுங்கள். வீட்டிலே கையெழுத்து அழகாயுள்ள பெண்ணிடம் எழுதக் கொடுங்கள். நவராத்திரி விடுமுறையில் முந்நூறு புஸ்தகத்தை நாலு நாளில் எழுதிவிடுவாள். ஆறாவது கலம் ஒன்றும் அவசியம் வேண்டும்: யார் வாங்கிப் போனார், எந்தத் தேதியில். ராமபாணத்தால் போன புஸ்தகங்களைக் காட்டிலும் இந்தக் கலம் இல்லாமையால் போனவை என் வீட்டில் அதிகம். வாங்கிப் போகிறவர் எதிரிலேயே பெயரை எழுதவேண்டும். சம்பந்தியாயிருந்தாலும் எழுதவேண்டும்.